இறங்கிய எடை

கேரவன் மூன்றாவது முறை நிமிர்ந்தபோது அவர்கள் இருவருமே வெளியே இருந்தார்கள்.

முதல் முறை அது நிமிர்ந்தது மெக்கானிக் இறங்கியபோது. அறுபது கிலோ உடம்பு; மடக்குப் படி லேசாக முனகியதோடு சரி. இரண்டாவது முறை, அவருடைய நண்பர் ஒல்லி இறங்கியபோது. பள்ளிக்கூடத்தில் ஈர்க்குச்சியாக இருந்தவருக்கு வைத்த பெயர், தொண்ணூற்றாறு கிலோ ஆன பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒல்லி இறங்கினால் படி வாய்விட்டுப் புலம்பும். வண்டி ஒரு விரற்கடை எழும்பி, இரண்டு ஆட்டம் ஆடி நிற்கும். அதெல்லாம் முடிந்து, ஏரிக்கரையில் மடக்கு நாற்காலிகளை விரித்து, ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை ஆளுக்குப் பாதியாக ஊற்றிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான், முதுகுக்குப் பின்னால் படி இன்னொரு முறை புலம்பியது. வண்டி ஒரு விரற்கடை எழும்பியது. இரண்டு ஆட்டம். நின்றது.

"காத்து," என்றார் ஒல்லி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

காற்று இல்லை. ஏரி துடைத்து வைத்த கண்ணாடி போலக் கிடந்தது. எதிர்க்கரை மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக, ஓர் இலைகூடக் கலையாமல் நின்றன.

மெக்கானிக் முப்பத்துநான்கு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். மாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்துகொண்டு, கீழே பெட்டிக்குள் எத்தனை பேர் ஏறுகிறார்கள், குண்டானவரா, குழந்தையா, சக்கர நாற்காலியா என்பதைக் கம்பியின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. ஒரு கனம் ஏறினாலும் இறங்கினாலும் அவர் உடம்புக்குத் தெரிந்துவிடும். இப்போது தெரிந்தது. யாரோ ஒருவர் வண்டியிலிருந்து இறங்கி, அவர்களுக்குப் பின்னால், புல்லில் நிற்கிறார்.

அவர் திரும்பிப் பார்த்தார். படி வெறுமையாக இருந்தது. உள்ளே எரிந்த மஞ்சள் விளக்கு புல்மேல் ஒரு கட்டம் போட்டிருந்தது. அதில் யாரும் இல்லை.

அன்று பயணத்தின் நாற்பத்துமூன்றாவது நாள். இன்னும் இரண்டு நாளில் கேரவனை வாடகைக்குக் கொடுத்தவரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஒல்லி முப்பத்தைந்து வருடம் பேக்கரி நடத்தியவர். விடியும்போதெல்லாம் அடுப்பின் முன்னால் நின்றே வாழ்க்கை போய்விட்டது. மெக்கானிக்குக்குக் கிணறு போன்ற இருட்டு லிஃப்ட் குழிகளுக்குள் போய்விட்டது. கடையை மூடிய வாரம் ஒல்லி வீட்டுக்கு வந்து, "டேய், சாகறதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் வெளிச்சத்தைப் பாத்துட்டு வந்துடுவோம்," என்றார். மெக்கானிக்கின் மனைவி சிரித்துக்கொண்டே பெட்டி கட்டிக் கொடுத்தாள்.

முதல் மாதம் பள்ளி விடுமுறை போலத்தான் இருந்தது. பிறகு, எட்டடி அகலத்துக்குள் இரண்டு கிழவர்கள் குப்பை கொட்டினால் என்ன ஆகுமோ அது ஆனது. ஒல்லியின் குறட்டை. ஈரத் துண்டை மேசைமேல் போடும் பழக்கம். எங்கே பிரெட் வாங்கினாலும் முகர்ந்து பார்த்து, "இதுக்குப் பேரு பிரெட்டு," என்று செய்யும் நையாண்டி. கொஞ்ச நாட்களாக மெக்கானிக், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், ஒல்லி இல்லாத ஓர் அறையை நினைத்துக்கொண்டேதான் தூங்கினார். அதை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஏழு மணிக்கு மனைவி போன் செய்தாள். "ரெண்டே நாள்தாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்து சேருங்க," என்றாள். ஒல்லிக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். மூன்றாவது முறை வண்டி எழும்பியதைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

மறுநாள் காலை, வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தபோது, ஒல்லி பிரெட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்காவது படுத்த எடத்துல படுடா. விடிய விடிய அங்கேயும் இங்கேயும் உலாத்தறே. வண்டி தொட்டில் மாதிரி ஆடுது."

மெக்கானிக் சிரித்துவிட்டார். "நல்ல கதையா இருக்கே. உலாத்தறது நீ. மூணு மணிக்கு எழுந்து மாவு பிசைஞ்ச பழக்கம் விடலையாக்கும்னு நான் வாயத் தெறக்காம படுத்திருக்கேன்."

"நானா? கெளம்புன நாளிலேருந்து ஆறு மணிக்கு முன்னாடி நான் எழுந்ததே இல்ல."

"வெளையாடாதே."

"நீ வெளையாடாதே."

வெண்ணெய்க் கத்தி பிரெட்டின்மேல் நின்றது. கொஞ்ச நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எதிராளி எப்போது சிரிக்கப் போகிறான் என்று இருவருமே காத்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"ரெண்டு வாரம் இருக்கும்."

"எனக்கும் அப்படித்தான்."

ஒல்லி கத்தியைக் கீழே வைத்தார். "எலியா இருக்கும்."

"எலி வண்டியை ஆட்டுமா?"

"பெரிய எலி," என்றார் ஒல்லி. ஆனால் அந்த பிரெட்டை அவர் சாப்பிடவில்லை.

ஒல்லி குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் மெக்கானிக் வண்டியை அலசினார். அலச என்ன பெரிதாக இருக்கிறது. பின்னால் இரண்டு கட்டில், நடுவில் அடுப்பும் மேசையும், ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய குளியலறை, முன்னால் டிரைவர் சீட்டுக்கு மேலே பரண் போல ஒரு மூன்றாவது படுக்கை. அந்தப் பரணில் அவர்கள் படுப்பதில்லை. காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவர் சின்ன ஏணியில் ஏறி, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

பெட்டிகள் ஓர் ஓரமாக ஒதுங்கியிருந்தன. சரிந்து விழுந்தவை போல இல்லை. இடம் வேண்டி ஒருவர் கையால் தள்ளி வைத்ததுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒழுங்காக. தாழ்ந்த கூரையின் கீழ் ஒரு வாசனை தேங்கி நின்றது. மழையில் நனைந்து, கட்டியபடியே விட்டு, உலராமல் போன தலைமுடியின் வாசனை. படுக்கைத் தலைமாட்டில் படிப்பதற்காக ஒரு குட்டி விளக்கு இருந்தது. அணைந்துதான் இருந்தது. ஏனோ அவர் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

பல்பு சுட்டது.

இறங்கி வெளியே வந்து, ஒல்லி வரும்வரை வெயிலில் நின்றார்.

"இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்டா," என்றார். "எங்கேயும் தங்க வேணாம்."

ஏன் என்று ஒல்லி கேட்கவில்லை. "ஆத்துப் பாலம் வழியா போனா ராத்திரி எட்டு மணிக்குள்ள போயிடலாம். பழைய பாலம். எடை பாத்துதான் விடுவாங்க. சுத்திப் போனா நாளைக்குத்தான்."

"பாலம் வழியாவே போ."

மத்தியானம் இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இடி மின்னல் இல்லாத, ஆர்ப்பாட்டமில்லாத மழை. விட்டுவிடும் என்று நம்பவும் முடியாமல், பலக்கும் என்று பயப்படவும் முடியாமல், மணிக்கணக்காக ஒரே சீராகக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. ஒல்லி ஓட்டினார். மழையில் மெக்கானிக்குக்குக் கண் தெரியாது. அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, துடைப்பான்களின் சத்தத்துக்கு அடியில், சக்கரங்களின் சத்தத்துக்கு அடியில், வேறொரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வளைவுகளில் வண்டி சாயும்போது தலைக்கு மேலே பரணில் ஒரு கனம் மெல்லப் புரண்டது. பெட்டிகள் என்றால் ஒரேயடியாகச் சறுக்கி முட்டும். இது அப்படி முட்டவில்லை. சாய்வதற்குள் தன்னைத் தாங்கிக்கொண்டது.

ஒல்லிக்கும் கேட்டிருக்க வேண்டும். வழக்கமாக ஏதாவது ஒரு பாட்டை முனகிக்கொண்டே ஓட்டுபவர், அன்று ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு ஓட்டினார்.

"ஒல்லி."

"பேசாதே. போய்ச் சேருவோம்."

பாலத்தின் முகப்பை அடையும்போது ஐந்தரை மணி. விளக்குப் போட வேண்டிய அளவுக்கு வானம் மங்கியிருந்தது. சாலையின் குறுக்கே இரும்புத் தகடு பதித்த எடைமேடை, அதன் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்கு மேலே கம்பத்தில் சிவப்பு எண்கள் எரியும் பலகை. 3500 கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. கூண்டுக்குள் ஓர் அம்மாள் குனிந்து, கம்பளி நூலில் குழந்தைக்கான காலுறை பின்னிக்கொண்டிருந்தார். வண்டி தகட்டின்மேல் ஏறி நின்றது. எண்கள் தடுமாறி, நிதானித்தன.

3592.

"தொண்ணூத்திரண்டு கிலோ கூடுதல்," என்றது ஒலிபெருக்கியில் அந்த அம்மாளின் குரல். "ஆளுங்க எறங்குங்க. வண்டியைத் தனியா பாத்துடறேன்."

வண்டியின் கதவு கூண்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. இருவரும் அந்தப் பக்கமாக இறங்கினார்கள். ஒல்லி கூரை விளிம்பின் கீழ் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டார். மெக்கானிக் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்தபடி கூண்டை நோக்கி வந்தார்.

3436.

"உள்ள ஒருத்தர் இருக்காங்க பாருங்க," என்றார் அந்த அம்மாள். கண்கள் பின்னலில். "அவங்களையும் எறங்கச் சொல்லுங்க ஐயா."

"உள்ள யாரும் இல்லம்மா. நாங்க ரெண்டே பேர்தான்."

"பலகையைப் பாருங்க. எடை ஆடுது. சாமான் ஆடாது. ஆளுதான் ஆடும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எண்கள் நிற்கவில்லை. 3436. 3431. 3440. 3434. ஒருவர் அடியெடுத்து வைக்கும் தாளம் அதில் இருந்தது. பின்னாலிருந்து முன்னால். முன்னாலிருந்து பின்னால். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு மனிதர் கூடத்தில் நடப்பதைப் போல, அவசரமில்லாமல். மழைத்துளி வழியும் ஜன்னல்களுக்குப் பின்னால் திரைச்சீலைகள் அசையவே இல்லை. எண்கள் மட்டும்தான் நடந்தன.

பிறகு அவை கதவுப் பக்கம் வந்து நின்றன.

"ஒல்லி," என்று கூப்பிட்டார் மெக்கானிக். குரல் மழையைத் தாண்டவில்லை. "ஒல்லி, இந்தப் பக்கம் வா."

மறுபக்கத்தில் படி புலம்பியது. வண்டி ஒரு விரற்கடை எழும்பியது. இரண்டு ஆட்டம்.

3340.

"எறங்கிட்டாங்க," என்றார் அந்த அம்மாள், ஊசியை மாற்றிக்கொண்டே.

மெக்கானிக் குனிந்தார். முட்டி வலித்தது; தகட்டின்மேல் கையை ஊன்றி, வண்டிக்கு அடியில் பார்த்தார். அந்தப் பக்கம் ஒல்லியின் பழுப்பு நிறக் காலணிகள் தெரிந்தன. ஒரு ஜோடிதான். வேறு கால்கள் இல்லை. அவர் மூச்சு விட்டார். அப்போது காலணிகளின் குதிகால்கள் மெதுவாக எழும்பின. பிறகு நுனிகளும். பார்வைக்கு மேலே போய்விட்டன. ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்க்கிறான், படியில் ஏறி நிற்கிறான் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்தால்தான் அந்த இடத்தில் நிற்க முடியும். கொஞ்ச நேரம் கழித்து அதே காலணிகள் கீழே வந்தன. தேங்கிய தண்ணீரில்தான் வந்து நின்றன. தண்ணீர் தெறிக்கவில்லை.

ஒல்லி முன்பக்கமாகச் சுற்றி வந்தார். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"யாராவது எறங்கினாங்களாடா?"

"யாரும் இல்ல," என்றார் ஒல்லி. "போலாம்."

மழை திடீரென்று பலத்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள். கூரையில் விழுந்த சத்தத்தில் படியின் சத்தம் கேட்கவில்லை. அந்த அம்மாள் இன்னொரு முறை எடை பார்த்து, சீட்டை அச்சடித்து, கூண்டின் சின்ன ஜன்னல் வழியாக நீட்டினார். ஒல்லி கையை நீட்டி வாங்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்தான் அவருக்குக் குறுக்கே சாய்ந்து, கையை வெளியே விட்டு வாங்கினார். நாற்பத்துநான்கு நாள் எட்டடி அகலத்துக்குள் இருந்ததில் ஒல்லியின் உடம்புச் சூடும் வியர்வையும் தன்னுடையதுபோல அவருக்குப் பழகியிருந்தன. இப்போது சூடு இல்லை. வேறு வாசனை. நனைந்து உலராத தலைமுடி.

மழையில் நனைந்திருக்கிறான், அதுதான் என்று சொல்லிக்கொண்டார்.

தடுப்புக்கட்டை உயர்ந்தது. வண்டி பாலத்தில் ஏறியது.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எதுவோ இறங்கிப் போய்விட்டது. தன் கண்ணால் பலகையில் பார்த்தார். பரணில் சத்தம் இல்லை. பாலத்தின் இரும்புப் பாளங்களைச் சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி குதித்தது. இத்தனை நாளில் இப்படிக் குதித்ததில்லை. காலி டப்பா போலக் குதித்தது.

பாலம் முடிந்து, இருபுறமும் மரங்கள் அடர்ந்த சாலை தொடங்கிய பிறகுதான் அவர் சீட்டைப் பிரித்துப் பார்த்தார். இருவரும் ஏறி உட்கார்ந்த பிறகு எடுத்த எடை அது.

3400.

அவர் மெதுவாகக் கணக்குப் போட்டார். மூன்றாம் வகுப்புப் பையன் போல, ஒவ்வொரு எண்ணாக. வண்டி மட்டும் 3340. தான் அறுபது. ஆயிற்று, 3400.

ஆயிற்று.

இன்னொரு முறை போட்டார். அதே விடைதான்.

இறங்கிப் போனதன் எடையையும் போட்டுப் பார்த்தார். 3436-லிருந்து 3340. தொண்ணூற்றாறு. ஒல்லியின் எடை, ஒரு கிலோ கூடாமல் குறையாமல்.

அவர் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோனார். ஸ்டியரிங்கில் ஒல்லியின் கைகள். விரல்களுக்கு இடையே ஒல்லியின் பழைய அடுப்புத் தழும்புகள். ஒல்லியின் வயிறு, ஒல்லியின் தொடைகள். அவற்றுக்குக் கீழே சீட்டின் ரெக்சின் மெத்தை உப்பலாக, தட்டையாக, கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது. தொண்ணூற்றாறு கிலோ மனிதர் அதன்மேல் வைத்த காகிதம்போல உட்கார்ந்திருந்தார்.

துடைப்பான் போனது. வந்தது.

"என்னடா அமைதியாயிட்டே?" என்றது அது. ஒல்லியின் குரல்தான்.

"முட்டி வலிக்குது," என்றார் மெக்கானிக். தன் குரல் சாதாரணமாக வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "முன்னாடி பெட்ரோல் பங்க் வருதே, அங்கே நிறுத்து. சூடா ஒரு டீ வாங்கிட்டு வா."

"நீ வரல?"

"முட்டி."

அது அவரைப் பார்த்தது. நெடுநேரம். சாலையைப் பார்க்கவில்லை, வண்டி நேராகத்தான் போனது. பிறகு சிரித்தது. ஒல்லி சிரிக்கும்போது இடது கன்னத்தில் ஒரு குழி விழும். இப்போது வலது கன்னத்தில் விழுந்தது.

பங்க் விளக்குகளின் கீழே வண்டி நின்றது. அது எழுந்து, உள்ளே நடந்து, கதவைத் திறந்து இறங்கியது. படி முனகவில்லை. வண்டி அசையவே இல்லை. ஒரு நிழல் இறங்கினால் எப்படியோ அப்படி.

மெக்கானிக் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தார். மெத்தை ஜில்லென்று இருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. இரண்டாவது திருப்பலில் என்ஜின் பிடித்தது. சாலை விளிம்புக்கு வந்த பிறகுதான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். அது டீக்கடைப் பக்கம் போகவே இல்லை. இறங்கிய இடத்திலேயே நின்றது. ஓடி வரவில்லை. கூப்பிடவில்லை. ஊருக்குப் போகும் உறவினரை வழியனுப்புவதுபோல ஒரு கையை உயர்த்தியது.

இடதுபக்கம் திரும்பினால் வீடு. இரண்டு மணி நேரம். ஏழு மணிக்கு மனைவி போன் செய்வாள். வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். வலதுபக்கம் திரும்பினால் பாலம்.

மழையில் எதிரே எதுவும் தெரியவில்லை. அவர் திருப்பத்தில் வண்டியை நிறுத்தினார். ஒல்லி இல்லாத ஓர் அறை வேண்டும் என்று எத்தனை ராத்திரி நினைத்திருப்பார். இதோ, இருக்கிறது. ஒல்லியின் ஈரத் துண்டு மேசைமேல் கிடந்தது. அவர் உதடுகளை அழுத்தி மூடிக்கொண்டு, ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தார்.

பாலத்தின் நடுவில், முகப்பு விளக்கின் வெளிச்சத்தில், கொழுத்த உருவம் ஒன்று தள்ளாடி நடந்து வந்தது. காலில் காலணி இல்லை. சட்டை தோளோடு கிழிந்திருந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டியது.

"டேய்," என்று அழுதார் ஒல்லி. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் அப்படி அழுது மெக்கானிக் கேட்டதில்லை. "என்னை விட்டுட்டுப் போயிட்டியேடா."

"ஏறு. ஏறுடா. சீக்கிரம்."

அவர் திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தபடி, கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டே, பின்னால் கதவு திறப்பதைக் கேட்டார். படி வாய்விட்டுப் புலம்பியது. வண்டி ஒரு விரற்கடை அமுங்கியது. இரண்டு ஆட்டம். அந்தக் கனம் அவருக்குத் தெரியும். எந்தக் கம்பியில் தொங்கவிட்டாலும் அடையாளம் சொல்வார். மூச்சிரைப்பு, வியர்வை, ஒல்லி. அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

"கதவைச் சாத்து."

கதவு சாத்தப்படவில்லை.

படி மறுபடி புலம்பியது. வண்டி அமுங்கியது.

"ஒல்லி. கதவைச் சாத்து."

இன்னொரு முறை. இது இலேசான கனம். ஒரு பெண்ணாக இருக்கலாம். பின்னாலேயே இன்னொன்று, அதைவிடச் சின்னது. அப்புறம் பெரியது ஒன்று. அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். என்ஜின் அலறியது. பின்சக்கரங்கள் பாளத்தோடு அழுந்திக் கிடந்தன, வண்டி நகரவில்லை. மழை வாசனை போய், உலராத தலைமுடியின் வாசனை முன்சீட்டு வரைக்கும் வந்து நிறைந்தது.

"யாருடா அது? ஒல்லி, யாரு ஏறறது?"

பின்னாலிருந்து ஒல்லியின் குரல் வந்தது. சின்னக் குரல். நெருக்கத்தில் சிக்கிக்கொண்டு, மூச்சுக்கு இடம் தேடிப் பேசுபவரின் குரல்.

"திரும்பிப் பாக்காதே."

அவர் எண்ணினார். எண்ணாமல் இருக்க அவரால் முடியாது. ஏழு. எட்டு. பதினொன்று. சீட்டின் முதுகை ஒரு முழங்கால் அழுத்தியது. பின்பக்கம் தாழத் தாழ, முன்பக்கம் எழும்பியது. சாலையில் கிடந்த முகப்பு விளக்கின் வெளிச்சம் பாலத்தின் கைப்பிடியில் ஏறியது. அக்கரை மரங்களின் அடியில் ஏறியது. கிளைகளில் ஏறியது. பிறகு மரங்களும் முடிந்து, வெறும் வானத்தில் மழை இறங்கிக்கொண்டிருப்பதை மட்டும் காட்டியது.

படி இன்னும் புலம்பிக்கொண்டிருந்தது.